ஸ்பெயின் ஸ்பானிஷ், லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ்: பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது?

ஸ்பெயினில் பேசப்படும் ஸ்பானிஷும் லத்தீன் அமெரிக்காவில் பேசப்படும் ஸ்பானிஷும் எந்த அளவுக்கு வேறுபட்டவை, ஒன்றைக் கற்றவர் மற்ற இடத்தில் சமாளிக்க முடியுமா என்பது கேள்வி. முடியும் என்பதே சுருக்கமான விடை. மாட்ரிட் நாளிதழை மெக்சிகோ வாசகர் தடையின்றிப் படிப்பார்; லிமாவில் படித்த மருத்துவர் பார்சிலோனாவில் நோயாளிகளிடம் பேசச் சிரமப்பட மாட்டார். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலே இரண்டு ஸ்பானிஷ்களையும் பிரிக்கும் எல்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. பாடநூல் வெளியீட்டாளர்களும் அப்படித்தான் பிரித்து விற்கிறார்கள். மொழியின் உண்மையான வரைபடமோ அவ்வாறு இல்லை. ஒலிப்பிலும் இலக்கணத்திலும் ‘லத்தீன் அமெரிக்கத் தன்மை’ என்று சொல்லப்படும் கூறுகளில் பெரும்பாலானவை ஸ்பெயினின் தெற்கிலோ, அட்லாண்டிக்கில் அதற்குச் சொந்தமான கானரி தீவுகளிலோ இன்றும் அன்றாட வழக்கில் உள்ளன. அதேபோல், கொலம்பியாவின் மலைநகரான போகோட்டாவின் பேச்சு, அதே நாட்டின் கடற்கரை நகரான கார்தகேனாவின் பேச்சிலிருந்து விலகி நிற்கும் தூரம், சில வகைகளில், மாட்ரிட் பேச்சிலிருந்து விலகி நிற்கும் தூரத்தைவிட அதிகம்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். காத்தலான், கலீசியம், பாஸ்க் ஆகியவை ஸ்பானிஷின் வட்டார வழக்குகள் அல்ல, தனி மொழிகள். முதல் இரண்டும் லத்தீனிலிருந்து ஸ்பானிஷுக்கு இணையாகப் பிறந்தவை. பாஸ்க் மொழிக்கு ஐரோப்பாவில் எந்த உறவு மொழியும் இல்லை. நாம் ஸ்பானிஷ் என்று அழைப்பது வடக்கே காஸ்டில் பகுதியில் உருவாகி, அந்த அரசின் படைகளோடு தெற்கே இறங்கிய மொழி. அதனால்தான் 1978ஆம் ஆண்டின் ஸ்பெயின் அரசமைப்புச் சட்டம் அதை ‘காஸ்தெயானோ’ என்றே குறிப்பிடுகிறது. அர்ஜென்டினாவிலும் பெருவிலும் மக்கள் அந்தப் பெயரையே பெரிதும் விரும்புகிறார்கள். இன்று 20 நாடுகளிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் அது ஆட்சிமொழி.

வேறுபாடுகளில் எல்லோர் காதிலும் முதலில் விழுவது, இசட் எழுத்தையும், ‘எ’, ‘இ’ உயிர்களுக்கு முன் வரும் சி எழுத்தையும் ஒலிக்கும் முறை. மாட்ரிட்காரர் நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து, ஆங்கிலத்தின் ‘திங்க்’ என்ற சொல்லின் முதல் ஒலியைப் போல அதை ஒலிப்பார். எனவே வீடு என்ற பொருளுடைய சொல்லும் வேட்டை என்ற பொருளுடைய சொல்லும் அவர் வாயில் வெவ்வேறு. செவில் நகரத்திலும் கானரி தீவுகளிலும் அமெரிக்கக் கண்டம் முழுவதிலும் இரண்டுமே ‘காஸா’தான். தைப்பதற்கும் வேகவைப்பதற்கும் உரிய வினைச்சொற்களும் அங்கே ஒன்றாகிவிடுவதால், சமைத்தலுக்கு வேறொரு வினைச்சொல்லை மக்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். ஏதோ ஓர் அரசருக்கு நாக்கு தட்டியதால் அவரைப் பார்த்து நாடே அப்படிப் பேசத் தொடங்கியது என்ற கதை இணையத்தில் ஓயாமல் உலவுகிறது. அது வெறும் கட்டுக்கதை. நாக்கு தட்டியிருந்தால் எஸ் ஒலியும் சேர்ந்தே கெட்டிருக்க வேண்டும். மாட்ரிட்டில் எஸ் தெளிவாகவே இருக்கிறது.

நடந்தது வேறு. இடைக்கால ஸ்பானிஷில் ஸ, ஷ இனத்தைச் சேர்ந்த ஒலிகள் ஆறு இருந்தன. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் அவை சுருங்கின. வடக்கில் மூன்றாகவும், செவிலைச் சுற்றிய தெற்கில் இரண்டாகவும் ஆயின. அந்த மூன்றில் ஒன்று தொண்டைக்குப் பின்வாங்கி, இன்றைய கரகரப்பான ஹகர ஒலியாக மாறியது. அதற்கு முன் அது ‘ஷ’ என்றே ஒலித்தது. தெற்கு ஸ்பெயினின் ஹெரெஸ் நகரத்து மதுவை ஆங்கிலேயர் இன்றும் ‘ஷெர்ரி’ என்று அழைப்பது, அவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டுபோன காலத்தின் ஒலிப்பு. தெற்கில் எஞ்சிய ஒலியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. காதிஸ் மாகாணத்தின் பல ஊர்களில் வீடு, வேட்டை இரண்டுமே நாக்கைப் பற்களுக்கிடையே வைத்துதான் சொல்லப்படும். படித்தவர்கள் அதை நாட்டுப்புறப் பேச்சு என்று முகம் சுளிப்பதும் உண்டு.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் கப்பல்கள் மேற்கே போயின. 1503இல் செவிலில் நிறுவப்பட்ட வணிகக் கழகம், அமெரிக்காவுக்குச் செல்லும் ஆட்களையும் சரக்குகளையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. 1717இல் அது காதிஸுக்கு மாற்றப்பட்டது. எந்த ஊரிலிருந்து புறப்பட்டவராக இருந்தாலும் செவிலுக்கு வந்து, பல மாதங்கள் காத்திருந்து, கானரி தீவுகளில் நின்று, பிறகே கடலைக் கடக்க வேண்டும். முதல் கால் நூற்றாண்டில் குடியேறியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் அந்தலூசியர்கள், அதாவது செவிலும் காதிஸும் அடங்கிய தெற்குப் பகுதியான அந்தலூசியாவைச் சேர்ந்தவர்கள். பெண்களில் அவர்களின் பங்கு பாதிக்கும் மேல். குழந்தைகளுக்கு மொழியைக் கொடுப்பவர்கள் யார் என்று யோசித்தால், அமெரிக்கக் கண்டத்தில் ஒரே ஒரு ஸகரம் வேரூன்றியதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அடுத்த வேறுபாடு இதைவிட முக்கியமானது. கற்பவரின் காதைத் திணறவைப்பதும் இதுவே. சொல்லிறுதியிலும் மெய்யெழுத்துக்கு முன்னும் வரும் எஸ், அந்தலூசியாவிலும் கானரியிலும் கரீபியன் தீவுகளிலும் பல அமெரிக்கக் கடற்கரைகளிலும் மூச்சுக்காற்றாகத் தேய்கிறது, அல்லது மறைந்தே போகிறது. ‘லோஸ் அமீகோஸ்’ (நண்பர்கள்) என்பது ‘லோஹ் அமீகோஹ்’ ஆகும். மெக்சிகோ நகரம், போகோட்டா, கீட்டோ, லா பாஸ் போன்ற உயர்நிலப் பகுதிகளில் அதே எஸ் கூர்மையாக நிற்கிறது. ஆனால் மெக்சிகோ மேட்டுநிலத்தில் அழுத்தம் பெறாத உயிரெழுத்துகள் நசுங்கிவிடும். உயர்நிலம் உயிரெழுத்தைத் தின்கிறது, தாழ்நிலம் மெய்யெழுத்தைத் தின்கிறது என்று வெனிசுவேலா மொழியியலாளர் ஆன்ஹெல் ரோசென்பிளாட் சொன்னது இதனால்தான். ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தக் கோடு ஓடுகிறது. ஈக்வடாரில் 2,850 மீட்டர் உயரத்தில் உள்ள கீட்டோ ஒரு பக்கம், துறைமுகமான குவாயாகில் மறுபக்கம்; மெக்சிகோவில் தலைநகரம் ஒரு பக்கம், வெராக்ரூஸ் கடற்கரை மறுபக்கம்.

உயரத்துக்கும் நாக்குக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. தட்பவெப்பத்தைக் காரணம் காட்டிய பழைய விளக்கங்களை நான் ஏற்பதில்லை. ஸ்பானிய மொழி வரலாற்றறிஞர் ராமோன் மெனெந்தெஸ் பிதால் முன்வைத்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஹவானா, கார்தகேனா, வெராக்ரூஸ் போன்ற துறைமுகங்களுக்கு ஆண்டுதோறும் அந்தலூசியக் கப்பல்களும் மாலுமிகளும் வணிகர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். தெற்கின் பேச்சும் அவர்களோடு புதிதுபுதிதாக வந்து இறங்கியது. அரசப் பிரதிநிதிகளின் இருக்கைகளான மெக்சிகோ நகரத்துக்கும் லிமாவுக்கும் மாட்ரிட் அரசவையின் அதிகாரிகளும் ஆயர்களும் பேராசிரியர்களும் போனார்கள். அங்கே எழுத்தை ஒட்டிய, கவனமான ஒலிப்பு மதிப்புப் பெற்றது. இந்த விளக்கம் எல்லா இடத்திலும் அச்சாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பெருங்கப்பல் பாதையில் இல்லாத சிலியிலும் எஸ் தேய்கிறது. ஆனாலும் கடல் பிரிக்கவில்லை, துறைமுகமும் தலைநகரமும்தான் பிரித்தன என்பது வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும்.

எஸ் போனால் பன்மை எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கிழக்கு அந்தலூசியாவில், கிரானாதா பக்கம், எஸ் மறைந்த இடத்தில் உயிரெழுத்தை வாயை அகலத் திறந்து ஒலிக்கிறார்கள்; அந்தத் திறப்பே பன்மையை உணர்த்துகிறது. கரீபியனில் வேறு வழி. ஸ்பானிஷில் வினைமுற்றே எழுவாயைக் காட்டிவிடும் என்பதால், தமிழைப் போலவே ‘நான்’, ‘நீ’ என்பவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆனால் முன்னிலை வினையின் அடையாளம் இறுதி எஸ்தான். அது தேய்ந்த கியூபா, போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் ‘நீ’ என்ற சொல் அடிக்கடி வெளிப்படையாக வருகிறது. கேள்வியிலும்கூட வினைக்கு முன்னால் வந்து நிற்கிறது. மற்ற நாட்டவர் ‘என்ன வேண்டும்?’ என்று வினையோடு கேட்கும் இடத்தில் இவர்கள் ‘கே தூ கியேரே?’ (நீ என்ன விரும்புகிறாய்?) என்பார்கள். ஒன்றின் இழப்பை மற்றொன்று ஈடுகட்டுகிறதா என்பதில் மொழியியலாளர்களிடையே விவாதம் உண்டு. இரண்டும் ஒரே நிலப்பகுதியில் சேர்ந்து நடக்கின்றன என்பதில் ஐயமில்லை.

ஆளை விளிக்கும் முறைக்கு வருவோம். அமெரிக்க ஸ்பானிஷின் உண்மையான தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. நீ என்பதற்கு ‘தூ’, மரியாதைக்கு ‘உஸ்தெத்’ என்று பாடநூல் சொல்லும். 15ஆம் நூற்றாண்டில் இருந்த நிலை வேறு. அப்போது ‘வோஸ்’ என்பது மரியாதைச் சொல். எல்லோரும் எல்லோரையும் வோஸ் என்று அழைக்கத் தொடங்கியதும் அதன் மதிப்பு சரிந்தது. மரியாதைக்கு ‘தங்கள் அருள்’ என்ற பொருளுடைய ‘வுவெஸ்த்ரா மெர்செத்’ என்ற தொடர் வந்து, அது தேய்ந்து ‘உஸ்தெத்’ ஆனது. ஸ்பெயின் வோஸைக் கைவிட்டுத் ‘தூ’வுக்குத் திரும்பியது. அரசவைப் பழக்கத்தை உடனுக்குடன் பின்பற்றிய மெக்சிகோ நகரமும் லிமாவும் கரீபியத் துறைமுகங்களும் அதே வழியில் போயின. தலைநகரங்களுக்கு எட்டாத மத்திய அமெரிக்காவிலும், 1776 வரை அரசப் பிரதிநிதியின் இருக்கையாக ஆகாத புவெனஸ் ஐரிஸிலும் வோஸ் தங்கிவிட்டது; மரியாதைச் சொல்லாக அல்ல, நெருக்கமானவர்களிடம் பேசும் சொல்லாக. அர்ஜென்டினாவில் ‘உன்னிடம் இருக்கிறது’ என்பதற்கு ‘தூ தியேனெஸ்’ என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். அங்கே ‘வோஸ் தெனேஸ்’. பல தலைமுறைகளாகப் பள்ளி ஆசிரியர்கள் இதைத் திருத்த முயன்று தோற்றார்கள். 1982இல் அர்ஜென்டினாவின் இலக்கியக் கழகமே இதைப் படித்தவர்களின் வழக்காக ஏற்றுக்கொண்டது.

சிலியில் கதை சுவையானது. 1829இல் அங்கே வந்து குடியேறிய வெனிசுவேலா அறிஞர் ஆந்த்ரேஸ் பேயோ, வோஸைக் கொச்சை என்று கண்டித்தார். அவருடைய செல்வாக்கில் சிலியின் பள்ளிகள் அதை விரட்டின. ‘வோஸ்’ என்ற சொல் மதிப்பிழந்தது. அதற்குரிய வினைவிகுதி மட்டும் போகவில்லை. இன்று சிலி இளைஞர்கள் ‘தூ’ என்ற எழுவாயோடு வோஸின் வினையைச் சேர்த்து ‘தூ காச்சாய்?’ (உனக்குப் புரிகிறதா?) என்று பேசுகிறார்கள். கொலம்பியா ஒரே நாட்டில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. கரீபியக் கடற்கரையில் ‘தூ’. மெடெயினிலும் காலியிலும் ‘வோஸ்’. போகோட்டாவைச் சுற்றிய மேட்டுநிலத்தில் கணவன் மனைவிக்குள்ளும் பெற்றோர் பிள்ளைகளுக்குள்ளும்கூட ‘உஸ்தெத்’. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டில் வளர்ந்த நமக்கு இது விந்தையாக இருக்கலாம். அங்கே உஸ்தெத் தூரத்தின் அடையாளம் மட்டுமன்று, நெருக்கத்தின் அடையாளமும் ஆகிறது. அருகிலுள்ள போயாகா பகுதியில் ‘சு மெர்செத்’ என்ற பழைய தொடர் ‘சுமெர்சே’ என்று பாசச் சொல்லாகவே வாழ்கிறது.

பன்மையில் நிலைமை எளிது. நண்பர் கூட்டத்தை விளிக்க ஸ்பெயின் ‘வோசோத்ரோஸ்’ என்கிறது. அமெரிக்கக் கண்டம் முழுவதும் ‘உஸ்தெதெஸ்’ ஒன்றே. கானரி தீவுகளில் பெரும்பாலும், மேற்கு அந்தலூசியாவின் பேச்சில் பரவலாக, உஸ்தெதெஸ்தான் வருகிறது. இறந்தகாலமும் இதே கதைதான். இன்று காலை நடந்ததைச் சொல்ல மாட்ரிட்காரர் துணைவினையோடு கூடிய காலத்தைப் பயன்படுத்துவார், மெக்சிகோக்காரர் தனி இறந்தகாலத்தைப் பயன்படுத்துவார் என்று பாடநூல்கள் எழுதும். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியாவும் அஸ்தூரியாஸும் கானரியும் மெக்சிகோக்காரர் பக்கம் நிற்கின்றன.

அமெரிக்கக் கண்டத்தில் எடுப்பாகத் தெரியும் மற்றொரு கூறு, அண்டை மொழிகள் இலக்கணத்துக்குள் புகுந்து செய்த வேலை. ஆந்தீஸ் மலைப்பகுதியில் கெச்சுவாவும் அய்மாராவும் தாய்மொழியாக உள்ள கோடிக்கு அருகிலான மக்களின் நடுவே ஸ்பானிஷ் ஐந்து நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறது. இயல்பான ஸ்பானிஷில் ‘வீடு, என் அம்மாவுடையது’ என்ற வரிசைதான் சரி. பெருவின் மலைப்பகுதிப் பேச்சில் ‘தெ மி மமா சு காஸா’ என்கிறார்கள். அதாவது ‘என் அம்மாவுடைய, அவளது வீடு’. உடையவரை முன்னால் வைத்து, உடைமையிலும் அவரைக் குறிக்கும் விகுதி சேர்க்கும் கெச்சுவா முறை இது. பொலிவியாவின் லா பாஸ் நகரத்து ஸ்பானிஷ் இன்னும் நுட்பமானது. அய்மாராவில், கண்ணால் கண்டதைச் சொல்வதற்கும் பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்வதற்கும் வெவ்வேறு வினைவடிவங்கள் தேவை. ஸ்பானிஷில் அதற்கு வடிவம் இல்லாததால், தொலை இறந்தகாலத்தை எடுத்து அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ‘அபீயா யேகாதோ’ என்றால் மற்ற இடங்களில் ‘(அதற்கு முன்பே) வந்திருந்தார்’. லா பாஸில் ‘வந்தாராம்’ என்ற சாயலும் உண்டு. ஒரு மொழி தன்னிடம் இருந்த பழைய கருவியைக்கொண்டு புதிய இலக்கண வகையை உருவாக்கியதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது.

பராகுவேயில் குவாரனி மொழி 1992ஆம் ஆண்டு அரசமைப்பின்படி ஸ்பானிஷுக்கு இணையான ஆட்சிமொழி. அங்கே ஸ்பானிஷ் ஏவல் வினையோடு குவாரனியின் ‘நா’ என்ற இடைச்சொல்லைச் சேர்த்தால் கட்டளை வேண்டுகோளாகிறது. அர்ஜென்டினாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்து குவிந்த இத்தாலியர்கள், வேலையைக் குறிக்கும் ‘லபூரோ’ போன்ற சொற்களையும் நேப்பிள்ஸ் பேச்சை நினைவூட்டும் ஏற்ற இறக்கத்தையும் விட்டுச்சென்றார்கள். புவெனஸ் ஐரிஸிலும் மாண்டெவிடியோவிலும் தெருவைக் குறிக்கும் ‘காயே’ என்பது ‘காஷே’ என்று ஒலிப்பது மட்டும் இத்தாலியரின் கொடை அன்று; அது அந்த நகரங்கள் உள்ள லா பிளாத்தா நதிக்கரையிலேயே உருவானது.

சொற்களைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுவார்கள். என் கணிப்பில் அதுதான் மிகச் சிறிய தடை. கொலம்பஸ் முதலில் இறங்கியது கரீபியன் என்பதால், அங்கே பேசப்பட்ட தைனோ மொழியில் மக்காச்சோளத்தையும் படகையும் தொங்குபடுக்கையையும் குறித்த சொற்கள் ஸ்பானிஷில் முதலில் நுழைந்து, படைகளோடு கண்டம் முழுவதும் பரவிவிட்டன. பின்னர் வந்த சொற்கள் அஸ்டெக், இன்கா என்ற இரண்டு பேரரசுகளின் எல்லையில் நின்றன. வெண்ணெய்ப்பழம் மெக்சிகோவில் நாவாட்ல் மொழி தந்த ‘அகுவாகாத்தே’. பெரு, சிலி, அர்ஜென்டினாவில் கெச்சுவா மொழி தந்த ‘பால்தா’. ‘குவாகுவா’ என்பது கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் கானரியிலும் பேருந்து. சிலியிலும் ஆந்தீஸ் பகுதியிலும் கைக்குழந்தை. எடுத்தல், பிடித்தல் என்ற பொருளில் ஸ்பெயினில் நாள் முழுவதும் புழங்கும் ‘கொஹேர்’ என்ற வினை மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஆபாசம். பயணிக்கு இது ஒன்று நினைவிருந்தால் போதும். மற்றவற்றை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

எந்த ஊரில் தூய ஸ்பானிஷ் பேசப்படுகிறது என்ற துணைக்கேள்வியும் வழக்கமாக வரும். வயதோலித் என்பார்கள், போகோட்டா என்பார்கள். காஸ்டிலின் நடுவிலேயே உள்ள வயதோலித்திலும் மாட்ரிட்டிலும், ‘அவளிடம் சொன்னேன்’ என்பதில் ஸ்பானிய மொழிக் கழகம் ஏற்காத வேற்றுமை வடிவம் புழங்குகிறது. மொழியின் தொட்டில் என்று போற்றப்படும் புர்கோஸ் பகுதியில் ‘இருந்தால்’ என்ற நிபந்தனைத் தொடரில், இலக்கணநூல் பிழை என்று சொல்லும் வினைவடிவம் சாதாரணப் பேச்சு. கழகம் 1713இல் தோன்றியது. அதன் நெடுநாள் வழக்கம் மாட்ரிட்டை அளவுகோலாக வைப்பது. அமெரிக்க நாடுகளில் முதல் கழகம் 1871இல் போகோட்டாவில் உருவானது. 1951இல் இந்தக் கழகங்களின் கூட்டமைப்பு உருவானது. இன்று வெளியாகும் அகராதியும் இலக்கணமும் அவர்கள் அனைவரும் சேர்ந்து வெளியிடுபவை. பல மையங்கள் கொண்ட மொழி என்று கழகமே ஒப்புக்கொள்கிறது. லத்தீன் உடைந்ததுபோல ஸ்பானிஷும் உடையும் என்று கொலம்பிய அறிஞர் ருஃபீனோ ஹோசே குவெர்வோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஞ்சினார். அது நடக்கவில்லை. பொதுவான எழுத்திலக்கணமும் பள்ளிக்கூடமும், பின்னால் வானொலியும் தொலைக்காட்சித் தொடர்களும் அதைத் தடுத்தன.

உண்மையாகவே பிரிந்துபோன கிளை ஒன்று உண்டு. 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் ஒட்டோமான் பேரரசின் சலோனிகா, இஸ்தான்புல், இஸ்மிர் நகரங்களுக்குக் கொண்டுசென்ற ஸ்பானிஷ், மேலே சொன்ன ஒலிமாற்றங்கள் முடிவதற்கு முன்பே புறப்பட்டது. அதனால் ‘சொன்னான்’ என்பது அவர்களிடம் இன்றும் ‘திஷோ’. ஸ்பெயினில் அது ‘திஹோ’ ஆகி நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எபிரேய எழுத்தில் எழுதப்பட்டு, துருக்கிய, கிரேக்கச் சொற்களை ஏற்று அது வளர்ந்தது. சலோனிகாவின் யூதச் சமூகம் 1943இல் நாஜி முகாம்களில் அழிக்கப்பட்டபோது அதைப் பேசிய மிகப் பெரிய நகரம் மௌனமானது. ஸ்பெயினின் தொடர்பு அறுந்த இடத்தில் மட்டுமே ஸ்பானிஷ் வேறு மொழியாகும் நிலைக்குப் போனது என்பதையும் இதிலிருந்து காணலாம்.

கற்க நினைப்பவருக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் வேலையோ உறவோ எந்த நாட்டோடு இருக்கிறதோ அந்த நாட்டு வழக்கைப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்; அப்படி எதுவும் இல்லையென்றால் மெக்சிகோ மேட்டுநிலத்தின் அல்லது போகோட்டாவின் ஒலிப்பு தெளிவானது, எழுத்துக்கு நெருக்கமானது. பேசுவது ஒரு வழக்கில் இருந்தாலும், கேட்பதைத் தொடக்கத்திலிருந்தே பலவாக வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக எஸ் தேயும் கியூபா, அந்தலூசியா, சிலிப் பேச்சை. ‘வோசோத்ரோஸ்’, ‘வோஸ்’ இரண்டின் வினைவடிவங்களையும் அடையாளம் காணத் தெரிந்தால் போதும், நீங்கள் பயன்படுத்த வேண்டியதில்லை. செர்வாந்தெஸ் நிறுவனத்தின் டெலே சான்றிதழ்த் தேர்வில் எந்த நாட்டின் படித்தவர் வழக்கில் பேசினாலும் மதிப்பெண் குறையாது. கேட்டல் பகுதியில் மட்டும் பல நாட்டுக் குரல்கள் வரும்.